பாலம் ஏறாத வண்டி

...செத்தது எதனால் என்று எழுதாமல் எந்த வார்டிலும் சீட்டுக் கிழிக்க மாட்டார்கள், தொண்ணூறு வயதுக் கிழவராக இருந்தாலும் கடைசி வரியில் ஒரு காரணம் எழுதியாக வேண்டும், பெரிய டாக்டர்கூட அந்த வரிக்கு வந்ததும் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு யோசிப்பார், இந்த வண்டிக்கு மட்டும் காரணம் வேண்டாமாம், வயசாச்சு என்ற ஒரே சொல்லில் எல்லாரும் கையைக் கழுவிவிட்டார்கள், வயசு ஒரு நோயா, காலமெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிற ஒரு நர்ஸிடம் வந்து வயசு ஒரு நோய் என்று சொன்னால் அவள் தலையாட்டிவிட வேண்டுமா... ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அவள் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் மெல்ல ஏறிக்கொண்டு போனது. ஏற்றம் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், நீண்ட மதில்சுவரை ஒட்டி, வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் வண்டி நின்றிருந்தது. முதலில் ஒரு குலுக்கு, பிறகு மிதிக்க மிதிக்க இறங்குகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை, டயர் உருளுகிற ஓசை மட்டும். மழைக்காலத்திலிருந்து காலை ட்யூட்டிக்குப் போகிற வழியில் என்ன செய்ததோ அதையேதான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையும் செய்தது, பழைய வண்டிகளை உடைக்கிற கடைக்குப் போகிற வழியில். தன்னைப் பிரித்துப்போடத்தான் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தாலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அந்த அழுத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. நீயும் அப்படித்தான், உயிரே போனாலும் உன் குணத்தை விடமாட்டே என்று வீட்டுக்காரர் அவளைச் சொல்வார், பாராட்டாகச் சொல்வதில்லை.

அவருக்குத்தான் முதலில் போன் பண்ணினாள். நின்னுடுச்சா என்றார், ஆச்சரியமே இல்லாத குரலில், அடுப்பில் பால் பொங்கிடுச்சா என்று கேட்பதுபோல. சரி, அங்கேயே இரு, கடைக்காரன் தூக்கு வண்டி அனுப்புவான், அதில் ஏற்றிவிட்டு நீ ஆட்டோ பிடித்து வந்துவிடு என்றார். அவ்வளவுதான். வந்துவிடு... எங்கே வருவது, வீட்டுக்குத்தான், வேறெங்கே, நாளையிலிருந்து வீடுதான், விடிகாலையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் கிடையாது, முதல் பஸ் கிளம்பும்போது வார்டில் ரத்தம் எடுத்து முடித்திருக்க வேண்டும், கார் இல்லையென்றால் ட்யூட்டி இல்லை, ட்யூட்டி இல்லையென்றால் அவள் யார், இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா, மாடியில் துணி காயப்போடுகிறவள். தலைமை நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள், இனி ஒரு நாள் லேட் என்றால் உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன், எனக்கு வேறு வழியில்லை சிஸ்டர் என்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. படுக்கையில் கிடக்கிறவனுக்கு உன் கார்புரேட்டர் கதை எதற்கு. அதனால்தான் லீவு போட்டு வண்டியை மெக்கானிக்கிடம் விட்டது, அவர் கையை விரித்தது, வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த கடையில் பேசி முடித்தது, காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டது. களைத்துப்போயிருந்தாள், அதுதான் உண்மை, களைத்தவளிடம் கையெழுத்து வாங்குவது சுலபம், ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும்போது அவளே எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இப்போது களைப்பு இல்லை. இப்போது கோபம்தான் இருந்தது, நல்ல, தெளிவான, தூங்கி எழுந்த கோபம். தூக்கு வண்டி வரட்டும், வருவதற்குள் இது எதனால் நின்றது என்று கண்டுபிடிக்காமல் சாவியைத் தரமாட்டேன்.

இறங்கி பானெட்டைத் தூக்கி கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. பைக்கில் போன இருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள், பார்க்கட்டும், பொம்பளை பானெட்டைத் திறந்தால் ஊருக்கே வேடிக்கை, இதே இடத்தில் ஓர் ஆண் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றால் பாவம் வண்டி மக்கர் பண்ணுது போல என்பார்கள். எங்கே ஆரம்பிப்பது... நோயாளி வந்தால் முதலில் என்ன கேட்போம், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், என்ன செய்தால் அதிகம், என்ன செய்தால் குறைவு. மெக்கானிக் அதைக் கேட்கவில்லை. நல்ல மனுஷன்தான், வண்டியை பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார், பெரியம்மாவுக்கு இன்னிக்கு என்ன கோளாறு சிஸ்டர் என்று சிரித்துக்கொண்டே வருவார், பிளக் மாற்றினார், வயர் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார், பெட்ரோல் பம்ப் புதுசே போட்டார், ஒவ்வொன்றுக்கும் பிறகு இதுதான் சிஸ்டர், இனிமே பாருங்க என்பார், மறுநாள் காலை அவள் இங்கே, இந்த மதில்சுவரோடு. கடைசியில் சூடு ஏறினா நிக்குது, இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும், இந்த வயசுல அது தாங்குமா, உங்களுக்குத்தான் கட்டுபடியாகுமா என்று தாடையைச் சொறிந்தார். சூடு. சூடு என்று சொன்னதும் எல்லாரும் ஆமாம் போட்டார்கள், அவளும் போட்டாள், காய்ச்சல் என்றால் யார் மறுப்பது.

ஆனால் சூடு என்றால்... அவள் இன்ஜினுக்கு மேலாகக் குனிந்து நின்றாள். சூடுதான் என்றால் மெக்கானிக் ஷெட்டில் ஏன் நிற்கவில்லை, உச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே ஐட்லிங்கில் விட்டுவிட்டு அவர் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்து பார்த்தால் பெரியம்மா அப்படியே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று அவரே சொன்னாரே, அங்கே ஏறாத சூடு இங்கே விடிகாலைப் பனியில் ஏறிவிட்டதா. கொட்டுகிற மழையிலும் நின்றிருக்கிறது. சூடு காட்டுகிற முள் ஒரு நாளும் பாதியைத் தாண்டியதில்லை. காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம், அட கடவுளே, அவளே அதற்குத் தலையாட்டியிருக்கிறாள், தன் தொழிலில் ஒருத்தி இப்படித் தலையாட்டினால் விட்டிருப்பாளா. சும்மா நிற்கும்போது சாகாதது ஓடும்போது சாகிறது. செத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் எழுந்துகொள்கிறது. ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து ஆஸ்பத்திரிவரை போய்விடும், சில நாள் பாலத்தின் உச்சியில் இன்னொரு தரம் நிற்கும். அவசரப்பட்டு உடனே கிளம்பினால் சீக்கிரமே மறுபடி நிற்கும், பொறுமையாக விட்டால் தூரம் போகும். இதை வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்தார், தகரடப்பாவுக்கு ஓய்வு வேணும்னு அதுவே சொல்லுது, உனக்குத்தான் புரியலை என்றார்.

தகரடப்பா. வாங்கிவந்த அன்றைக்கே வைத்த பெயர். அவளுடைய சம்பளத்தில், அவளாகப் போய்ப் பார்த்து, அவளாகப் பேரம் பேசி வாங்கியது, அதனால்தான் அந்தப் பெயரோ என்னவோ, அவர் வாங்கியிருந்தால் பழசானாலும் பவுன் மாதிரி வண்டி என்றிருப்பார்... சேச்சே, அப்படியும் சொல்லக் கூடாது, கியர் மாற்றும்போது கிளட்சை முழுசா மிதி என்று கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான், காலி மைதானத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் ஞாயிறு சண்டை வந்து இறங்கி நடந்தே போய்விட்டார். அவள் தனியாக அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், யாரும் பக்கத்தில் இல்லாமல் முதல்முதலாக, அப்போது வந்ததே ஒரு சந்தோஷம், அதை யாரிடமும் சொன்னதில்லை, கல்யாணமானபோது வரவில்லை, குழந்தை பிறந்தபோது வந்தது வேறு, அதில் பயம் கலந்திருந்தது, இதில் ஒன்றுமே கலக்கவில்லை. விடிகாலையில் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பி வார்டு வாசலில் போய் நிற்கிற வரைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது, சட்டை எங்கே என்று கேட்க ஆளில்லை, சிஸ்டர் வலிக்குது என்று கூப்பிட ஆளில்லை, ஜன்னலை இறக்கிவிட்டால் குளிர் காற்று, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, அந்த நேரம் முழுக்க முழுக்க அவளுடையது. அதைத்தான் ஒரு கையெழுத்தில் விற்றுவிட்டு வந்திருக்கிறாள். இதை விற்றால் வேறு வாங்கிக்கலாம் என்றார் வீட்டுக்காரர். எப்போது வாங்குவோம் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். அவர் வாயில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது கட்டிக்கொண்டு வந்தவளுக்குத் தெரியாதா.

சரி, இன்ஜினைப் பார். அழுவதற்கு வீட்டில் நேரமிருக்கும், நிறையவே இருக்கும். மெக்கானிக் ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார், பெட்ரோல் குழாய்க்கு நடுவில் விரல் பருமனுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கிறதே, வண்டி ஓடும்போது அதில் பெட்ரோல் துள்ளுவது தெரியும் என்று. அவள் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். காலி. ஒரு சொட்டுக்கூட இல்லை, உட்புறம் ஈரம் மட்டும் மினுங்கியது. ஆக தீப்பொறி இல்லாமல் சாகவில்லை, சூட்டில் சாகவில்லை, சோறு வராமல் செத்திருக்கிறது. ஏன் வரவில்லை, பம்ப் புதுசு, குழாயை ஊதிச் சுத்தம் செய்தாயிற்று, டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. வயிற்றில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வரும்... அப்புறம் இன்னொரு விஷயமும் இருக்கிறதே, டேங்கை முழுக்க நிரப்பிய நாட்களில் பாலம்வரைகூட வராது, அதற்கு ரொம்ப முன்னாலேயே, அந்த மரச்சாமான் கடை வாசலிலேயே நின்றுவிடும், அந்தக் கடைக்காரன் ஒரு தரம் நாற்காலிகூட எடுத்துப் போட்டான், உட்காருங்க மேடம், விக்கிற நாற்காலிதான் என்று. பங்க்கில் தண்ணி கலக்கறான் சிஸ்டர், அதான் நிரப்பினதும் நிக்குது என்றார் மெக்கானிக். பங்க்கை மாற்றினாள். அங்கேயும் அதேதான். ஊரிலிருக்கிற எல்லா பங்க்குமா அவளுக்கென்று பேசிவைத்துக்கொண்டு தண்ணி கலக்கும். வயிறு நிறைய நிறையச் சீக்கிரம் சாகிறது. இது என்ன வியாதி, இப்படி ஒரு வியாதியை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள், எங்கே, நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கும், காலியாகக் காலியாக நன்றாக ஓடும், முதலில் ஓடும், பிறகு மெதுவாகும், பிறகு நின்றுபோகும், எதை மாற்றினாலும் நிற்கும்...

டிரிப். அவள் நிமிர்ந்தாள், பானெட் தலையில் இடித்தது, வலி தெரியவில்லை. சலைன் பாட்டில், அந்தக் காலத்துக் கெட்டி பாட்டில், பைகள் வருவதற்கு முந்தினது, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூலைக் கட்டில் அம்மாளுக்கு ஏற்றிய டிரிப் நின்றுபோனது, அந்த அம்மாளின் மகன்கள் வார்டே அதிரக் கத்தினார்கள், நரம்பு அடைச்சிடுச்சு, குத்தத் தெரியாதவளை அனுப்பிட்டாங்க என்று, பெரிய சிஸ்டர் வந்து இடது கையில் குத்தினாள், அங்கேயும் நின்றது, வலது கைக்கு மாறினாள், பாவம் அந்த அம்மாள் இரண்டு கையும் வீங்கிப்போய் ஊமை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பில் ஒரு குறையும் இல்லை. ஊசியிலும் இல்லை. பாட்டிலுக்குள் காற்றுப் போக இன்னொரு ஊசி குத்தியிருக்க வேண்டும், அதை யாரோ மறந்துவிட்டார்கள், உள்ளே காற்றுப் போகாமல் உள்ளேயிருப்பது வெளியே வராது, இவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் அந்த அம்மாளைக் கந்தலாகக் குத்தினார்கள். நிறைந்த பாட்டிலில் சீக்கிரம் நிற்கும், பாதி பாட்டிலில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பிளக் மாற்றினோம், பம்ப் மாற்றினோம், இன்ஜினை இறக்கலாமா என்று பேசினோம்... இடது கை, வலது கை. நரம்பைத் திட்டிக்கொண்டே இருந்தோம், யாராவது பாட்டிலைப் பார்த்தோமா.

அவள் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், நாலடிதான், ஆனாலும் ஓடினாள். பின்பக்கச் சக்கரத்துக்கு மேலே பெட்ரோல் மூடி, சாவி போட்டுத் திறக்கிற பழைய மாதிரி மூடி. சாவி இரண்டு தரம் நழுவியது. மூடி அசையவில்லை. பங்க்கில் இருக்கிற பெண் ஒவ்வொரு தரமும் சொல்வாளே, உங்க மூடி மட்டும் என்னக்கா இப்படிப் பிடிக்குது என்று, இவள் சீட்டில் உட்கார்ந்தபடியே நல்லா திருப்புமா என்பாள், ஒரு நாளாவது இறங்கிப் பார்த்தாளா. முந்தானையைச் சுற்றிப் பிடித்து முழு பலத்தோடு திருப்பினாள். திறந்தது, திறந்த அந்த நொடியில் வண்டி மூச்சை இழுத்தது. உஸ்ஸ் என்று, நீளமாக, அழுது ஓய்ந்த குழந்தை கடைசியாக ஒரு மூச்சு இழுக்குமே அப்படி, வெளியிலிருந்து உள்ளே, வெளியிலிருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவள் மதில்சுவரைப் பார்த்து உரக்கச் சிரித்தாள், நடுரோட்டில், தன்னந்தனியாக. வயசாச்சாம். வயசு. ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள், செல்ஃப் எடுத்தது, விட்டாள், மறுபடி எடுத்தாள், நாலாவது தரம் இன்ஜின் பிடித்துக்கொண்டது, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து உறுமவிட்டாள். உறுமு, நல்லா உறுமு, கடைக்காரனுக்குக் கேட்கட்டும்.

அப்புறம்தான் மூடியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும், இருக்கத்தான் வேண்டும், இல்லாமலா இத்தனை வருஷம் ஓடியது. ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினாள். அதற்குக் கீழே கெட்டி பிளாஸ்டிக்கில் வட்டமாக ஒரு துண்டு, மூடியின் உட்புறத்தோடு ஒட்டி, ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டி வைத்திருந்தது. மெக்கானிக்குக்கூட மூடியோடு பிறந்ததென்றுதான் தோன்றியிருக்கும். அவளுக்குத் தோன்றாது. அந்தக் கத்தரிக்கோல் வேலை யாருடையது என்று அவளுக்குத் தெரியும், ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான் இப்படி வெட்டுவார். மருந்துக் கிடங்கில் பொட்டலம் கட்டுகிற பிரிவுக்கு மேற்பார்வை பார்க்கிறவர், காத்து பட்டா கெட்டுடும் என்பதுதான் அவருடைய வேதம், வீட்டில் உப்பு ஜாடிக்கு மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் வட்டம், மிளகாய்த்தூளுக்கு வட்டம், டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு ரப்பர் பேண்ட், மகள் ஹாஸ்டலுக்குப் போன அன்றைக்கு அவளுடைய சோப்பு டப்பாவுக்குக்கூட ஒரு வட்டம் வெட்டிக்கொடுத்தார், அவள் பஸ்ஸில் ஏறியதும் அப்பா என்னையும் சீல் வச்சு அனுப்பியிருப்பார்மா, டிக்கெட் எடுத்துட்டதால தப்பிச்சேன் என்றாள். சிரித்தோம் அன்றைக்கு. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உள்ளங்கால்வரை எரிந்தது. என் வண்டியில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்... தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா, தெரிந்தே செய்கிற ஆளா, பதினெட்டு வருஷம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு இந்தக் கேள்விக்கு இல்லை என்று சட்டென்று பதில் வரவில்லையே, அது என்ன. ரோட்டோரத்தில் பனியில் நின்று நின்று கால் மரத்துப்போன காலைகள், தலைமை நர்ஸிடம் தலைகுனிந்து நின்றது, எல்லாம் இந்த ஒரு வட்டத்தால். வட்டத்தைக் கைப்பைக்குள் போட்டாள். சாட்சி. வீட்டுக்குப் போய் அவர் முன்னால் மேஜைமேல் வைக்க வேண்டும், ஒன்றும் சொல்லாமல் வைக்க வேண்டும்.

தூக்கு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. இறங்கிய ஆள் கனத்த உடம்பு, சட்டையெல்லாம் கிரீஸ், கையில் கொக்கியோடு வந்தவர் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்துவிட்டு, வேறு வண்டிக்கு வந்துவிட்டோமோ என்று நம்பர் பிளேட்டைப் பார்த்தார். இதுதான், ஆனால் கொடுக்கவில்லை என்றாள் அவள். கையெழுத்துப் போட்டாச்சுன்னு ஓனர் சொன்னாரே என்றார். போட்டவள் நான்தான், இப்போது வேண்டாம் என்கிறவளும் நான்தான், உங்கள் ஓனரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள், குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது, இறக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார்.

"எத்தனையோ வண்டி தூக்கியிருக்கேன், நான் கிட்ட வந்ததும் எழுந்து உக்காந்தது இதுதான். ஆனா இப்ப ஓடுது, பாலத்துல நின்னுட்டா?"

"நிக்காது."

"சும்மா வாய்ல சொன்னா ஆச்சா. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வரேன். நின்னா மாட்டிக்கறேன், நிக்கலைன்னா என் வழியில போறேன்."

சரி என்றாள். வேறென்ன சொல்வது, பந்தயம் என்றால் பந்தயம். துளை திறந்த மூடியைத் திருகி, பானெட்டை இறக்கிச் சாத்திவிட்டுக் கியரைப் போட்டாள். கண்ணாடியில் தூக்கு வண்டியின் கொக்கி ஆடிக்கொண்டே வந்தது, எமன் பாசக் கயிற்றோடு பின்னால் வருகிறான் என்பார்களே, இவன் சிக்னல் போட்டுக்கொண்டு வருகிறான். ஏற்றம் வந்தது. சில நாள் மறுபடி குலுங்குகிற அந்த உச்சி வந்தது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இப்போது, இப்போது... குலுங்கவில்லை. பாலத்தின் நடுவில் ஆறு இரண்டு பக்கமும் வெளிச்சமாக விரிந்தது, எத்தனை முறை இங்கே நின்று அதைப் பார்த்திருக்கிறாள், ஓடிக்கொண்டே பார்த்ததே மறந்துபோயிருந்தது. இறக்கத்தில் தூக்கு வண்டி இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டு கடைக்குப் போகிற சாலையில் திரும்பியது. ஆனால் ஒரு பாலம் ஏறியது போதாது, நிற்காமல் இன்னொரு மடங்கு தூரம் ஓடினால்தான் நோய் போயிற்று என்று அவள் எழுதுவாள், அதுவரை கண்காணிப்பில்தான். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை, கடைக்காரர் சொல்லியிருப்பார், வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், கூப்பிடட்டும். மறுபடி அதிர்ந்தது. வாயில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே ஓட்டினாள், இத்தனை நாள் நான் பட்ட பாடு தெரியுமா உங்களுக்கு என்று ஒன்று, என் பொருளில் கைவைக்க யார் உரிமை கொடுத்தது என்று ஒன்று, வேலையை நான் விடமாட்டேன், யார் சீல் வைத்தாலும் விடமாட்டேன் என்று ஒன்று, அது நன்றாக இருந்தது, அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைக் காலி இடத்தில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. போனை எடுத்தாள்.

வண்டி ஓடுகிறது, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறேன், வண்டியைக் கொடுக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். பெட்ரோல் மூடிக்குள் வட்டம் வெட்டி வைத்தது நீங்கள்தானே என்று கேட்டாள்.

"ஆமா," என்றார். ஒளிக்கவே இல்லை. "மழை ஆரம்பிச்சப்போ, பெட்ரோல் நாத்தத்துல தலை வலிக்குதுன்னு தெனம் சொல்லிட்டிருந்தியே. அதான் வச்சேன். அப்புறம் நாத்தம் வரலைன்னு நீதான் சொன்ன."

சொன்னாளா... சொன்னாள். ஜன்னலைத் திறக்க முடியாத மழையில் வயிற்றைப் புரட்டுகிற நாற்றம், ஒரு வாரம் போல இருந்தது, பிறகு ஒருநாள் இல்லை, அட இன்றைக்கு நாற்றமே இல்லையே என்று சாப்பிடும்போது சொன்னாள், அவர் ம் என்றார், தட்டைப் பார்த்தபடி, அவ்வளவுதான். டிரிப் பாட்டில் கதையை அவருக்குச் சொன்னாள், காற்றுப் போகவில்லை, அதனால்தான் நின்றது, எல்லாம் அதனால்தான் என்று, அடுக்கிவைத்ததில் ஒன்றிரண்டையும் சேர்த்தே சொன்னாள், ஆனால் சொல்லச் சொல்ல அவை கையில் நிற்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நீளமாக மூச்சு விட்டார். நான் இதை நினைச்சே பார்க்கலை என்றார். நம்பினாள். நம்பியதும் கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று, அது ஒரு எரிச்சல்.

"அப்ப நாளைக்கு ட்யூட்டிக்குப் போயிடுவ," என்றார். கேள்வி மாதிரி இல்லை.

"போவேன். யார் என்ன சொன்னாலும் போவேன்."

"யாரு என்ன சொன்னா இப்போ." டிவியைக் குறைக்கிற சத்தம் கேட்டது. "இந்த லீவுல காலைல நான் எழுந்திருக்கறப்ப நீ வீட்ல இருந்த. நல்லா இருந்துச்சு. அதான்."

போனை வைத்துவிட்டார், அல்லது வைத்துவிட்டதாக அவள் நினைத்தாள், திரையில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தகரடப்பாவுக்கு அவளிடம் பதில் இருந்தது, உனக்கெதுக்கு இந்த ஓட்டம் என்று அவர் கேட்பாரே, அதற்கு இருந்தது, பார்க்கலாம் என்பதற்குக்கூட இருந்தது, எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தது, எதிரே எவன் வந்தாலும் எடுத்து வீசலாம். இதற்கு மட்டும்... இதை இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா, சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள், போகாமல் இருந்திருப்பாளா, இல்லை, போயிருப்பாள், நாளைக்கும் போவாள், விடிகிறதற்கு முன்னால் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்தக் காலை முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, சத்தமில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு நாளாவது தோன்றியதா. போனைக் காதில் வைத்தாள். லைன் இருந்தது, அவர் மூச்சு கேட்டது, அவரும் வைக்கவில்லை.